தும்பைக்குளத்து வாசனை மேற்கே போன கதை

பங்குனி பதினொன்றாம் தேதி காலை ஏழு மணிக்குத் தும்பைக்குளத்தின் வாசனை மொத்தமும் ஊரைவிட்டுக் கிளம்பி, மேற்கே இரண்டு மைல் தள்ளியிருக்கிற கல்லாம்பாறைக்குப் போய்விட்டது. பூக்கட்டுகிற முப்பிடாதி கையிலிருந்த பிச்சிப்பூவை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மொத்த வியாபாரியைக் கருவினாள், டீக்கடை சாலமோன் பால் திரிந்துவிட்டதா என்று முகர்ந்து ஒன்றும் பிடிபடாமல் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துத் துப்பினார், கோயில் குருக்கள் சாமியே தெரியாத அளவுக்குச் சாம்பிராணிப் புகை போட்டும் எதுவும் மணக்காமல் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். அதே நேரத்தில் கீழத்தேர் வீதியின் நான்காவது வீட்டில், பிள்ளை பெற்று எட்டு நாளான உலகம்மாள் தன் மகனைப் பால் கொடுக்க மாரோடு அணைத்தாள். முந்தின ஜாமம் வரைக்கும் மடக் மடக்கென்று குடித்த பிள்ளை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, யாரோ முன்பின் தெரியாத பொம்பளை தூக்கிவிட்ட மாதிரி வீறிட்டு அழுதான்.

உலகம்மாள் யார் என்று சொல்லிவிட வேண்டும். அவள் பெங்களூரில் விண்வெளி ஆராய்ச்சி செய்கிறவள், பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்கிறவள், ஊசி போடாத டாக்டர் என்று ஊரில் கேலி செய்வார்கள். பூமி மாதிரி பாறையால் ஆன கோள்கள் இருக்கின்றனவே, புதன், வெள்ளி, செவ்வாய், அவற்றைச் சுற்றி என்ன வீசுகிறது, என்ன பறக்கிறது என்பதுதான் அவள் படிப்பு. சூரியன் நமக்கு வெயிலை மட்டும் அனுப்பவில்லை, மின்னேறிய துகள்களால் ஆன ஒரு காற்றையும் ராப்பகலாக ஊதிக்கொண்டே இருக்கிறது, பிளாஸ்மா என்று அதற்குப் பெயர், அது மேலே பட்டால் எதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டு போய்விடும். பூமி தன் வயிற்றுக்குள் இரும்பை உருக்கிக் கிண்டிக் கிண்டி ஒரு காந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறது. செவ்வாய்க்கும் ஒரு காலத்தில் அந்தக் குடை இருந்தது, அது போனதும் அதன் காற்று போயிற்று, லேசானது முதலில், கனமானது பிறகு. வெள்ளிக்குச் சொந்தக் குடையே கிடையாது, ஆனால் சூரியக் காற்று வந்து மோதுகிற மோதலில் அதன் மேல்காற்றில் மின்சாரம் ஓடி, அந்த ஓட்டமே ஒரு இரவல் குடையாக நின்று, கொஞ்சம் ஒழுகினாலும் பெரும்பாலானதைக் காப்பாற்றிக்கொள்கிறது. எட்டு வருஷமாக உலகம்மாள் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தபோதும் லேப்டாப்போடுதான் வந்தாள். புருஷன் கப்பலில் என்ஜினியர், பிள்ளை பிறந்தபோது பிரேசில் பக்கம் ஏதோ ஒரு துறைமுகத்தில் இருந்தான்.

அவளுக்குச் சந்தேகம் வர அரைநாள்கூட ஆகவில்லை. செல்போனில் திசைகாட்டியைத் திறந்தாள், முள் தலை சுற்றிய கோழி மாதிரி சுற்றியது. காந்த அளவு நாற்பது காட்ட வேண்டிய இடத்தில் பூஜ்யம் என்று காட்டியது. தீட்டு வீட்டுக்காரி வாசலைத் தாண்டக் கூடாது என்று அவள் அம்மா பேச்சியம்மாள் குறுக்கே நின்றதால், அப்பா சங்கரபாண்டி கையில் போனைக் கொடுத்து ஊரைச் சுற்றி அனுப்பினாள். அவர் முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொண்டையிலேயே ஒவ்வொரு முக்கிலும் நின்று கத்தினார்.

"கீழத்தேர் வீதி, பூஜ்யம்! பிள்ளையார் கோயில், பூஜ்யம்! ரேஷன் கடை, பூஜ்யம்! எல்லைப் பாலம்... எல்லைப் பாலம் தாண்டி ஒரு எட்டு, நாப்பது!"

ஆக, பூமியின் குடையில் சரியாகத் தும்பைக்குளம் அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்திருந்தது. ஏன் விழுந்தது என்று கேட்டால் யாருக்குத் தெரியும், விழுந்தது, அவ்வளவுதான். உலகம்மாள் பெங்களூருக்கு எழுதினாள். போனை எட்டு மாதிரி காற்றில் ஆட்டிவிட்டு மறுபடி பாருங்கள், சரியாகிவிடும் என்று பதில் வந்தது.

ஊர் என்ன செய்தது என்கிறீர்கள்? ஊர் பழகிக்கொண்டது. வாசனை சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் போகிறது என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள்: காலையில் சூரியன் கிழக்கே இருந்தால் வாசனை மேற்கே கல்லாம்பாறைக்கு, சாயங்காலம் சூரியன் மேற்கே இறங்கினால் வாசனை கிழக்கே கீழப்புதூருக்கு, உச்சிப்பொழுதில் நேராகத் தரைக்குள்ளே. பன்னிரண்டு மணிக்குக் கிணற்றில் வாளி விட்டால் தண்ணீரில் தெருவிலுள்ள அத்தனை வீட்டு ரசமும் மணத்தது, ஆனால் வாளி மேலே வருவதற்குள் அதுவும் போய்விடும், அதனால் பெண்டுகள் கிணற்றுக்குள் தலையைக் குனிந்து மோந்து பார்த்து, இன்றைக்கு யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துகொண்டார்கள்.

கல்லாம்பாறையில் கட்டிக்கொடுத்த மகள்கள் காலை எட்டு மணிக்குத் தாயாருக்குப் போன் போட்டு, "எம்மா, நம்ம வீட்டுப் பால் அடிப்பிடிக்கு, ஓடிப்போய் இறக்கு" என்றார்கள். கேஸ் கசிந்தாலும் அங்கிருந்துதான் சேதி வரவேண்டும். சாயங்காலமானால் கீழப்புதூரிலிருந்து போன் வரும், "மதினி, அண்ணன் இன்னிக்குப் போட்டிருக்காவ, வாசனை இங்க வந்துட்டு" என்று, அண்ணன் அப்போதுதான் தெருமுனையில் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வருவார், வந்து வாங்கிக் கட்டிக்கொள்வார். மாலை போட்டு விரதம் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆறுமுகம் அண்ணாச்சி வீட்டு நெத்திலிக் கருவாடு கல்லாம்பாறை பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றதும், அவர் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. நாய்களுக்கு யார் உள்ளூர் யார் வெளியூர் என்று தெரியாமல் போய், எல்லாரையும் பார்த்து வாலை ஆட்டின. சமையல் உப்புப் பார்க்கிற மாதிரி எல்லாவற்றையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்தது, துவைத்த துணியா அழுக்குத் துணியா என்பதைக்கூட. சாக்கடை ஓரம் இருக்கிறவர்கள், சும்மா சொல்லக் கூடாது, நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

பழகிக்கொள்ளாதவன் ஒருத்தன்தான், உலகம்மாளின் மகன்.

பிறந்த பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியாது, காதுக்குக் குரல் பழக நாளாகும், அதற்குத் தெரிந்த ஒரே விலாசம் தாயின் மணம்தான். அந்த விலாசம் கல்லாம்பாறைக்குப் போய்விட்டது. உலகம்மாள் தூக்கினால் பிள்ளை இரண்டு பக்கமும் தலையை ஆட்டித் தேடிவிட்டு, கிடைக்காமல், உதடு பிதுங்கி அழும். பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டினால் பாதி உள்ளே, பாதி கழுத்தில். வாரம் இரண்டு தடவை வருகிற நர்ஸம்மா ஸ்டெல்லா மேரி தராசுத் தூளியில் போட்டு நிறுத்தாள். மூணு கிலோ இருந்த பிள்ளை ரெண்டே முக்கால், அடுத்த தடவை ரெண்டு அறுநூறு.

"வேற ஊருக்குக் கொண்டுபோய்ப் பாருங்கம்மா" என்றாள் ஸ்டெல்லா மேரி.

தீட்டையும் பார்க்காமல் சங்கரபாண்டி ஒரு கார் பிடித்துத் தாயையும் பிள்ளையையும் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார். ஒன்றும் நடக்கவில்லை. தும்பைக்குளத்து மனுஷர்கள் எங்கே போனாலும் கழுவிவிட்ட தட்டு மாதிரி மணமில்லாமல்தான் போனார்கள், ஒரு தடவை சீவிக்கொண்டு போனது திரும்ப ஒட்டவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளை டாக்டரம்மாவின் சோப்பு வாசனையைப் பார்த்துத் திரும்பினான், பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்துத் திரும்பி வாயைத் திறந்தான், தன் தாயிடம் கொடுத்ததும் அழுதான். உலகம்மாளுக்கு நெஞ்சு வெந்துபோயிற்று. "எப்பா, வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. இதுக்கு மருந்து இங்க இல்ல" என்றாள். வருகிற வழியெல்லாம் அழுதாள். எல்லைப் பாலம் வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்தாள்.

அவளுக்குத் தன் கணக்கின் மேல் சந்தேகமே கிடையாது. எட்டு வருஷம் வெள்ளியைப் பார்த்தவளுக்கு ஒரு ஊரைப் பார்க்கத் தெரியாதா? சொந்தக் குடை இல்லாவிட்டால் இரவல் குடை. இரவல் குடைக்கு வேண்டியது ஒரு ஓட்டம். ஓட்டத்துக்கு வேண்டியது முழுசாக மூடிய ஒரு வட்டம். தும்பைக்குளத்தில் கோயிலைச் சுற்றி நான்கு தேர் வீதி இருக்கிறது, வீதி நிறைய மனுஷர்கள் இருக்கிறார்கள், மனுஷன் என்பவன் உப்புத் தண்ணீர் நிறைந்த பை. கை கோத்துச் சுற்றினால் ஓடாமல் எங்கே போகும்?

ஊர்த்தலைவர் சொள்ளமுத்துவை ஜன்னலுக்கு வரச் சொல்லி அனுப்பினாள். தீட்டு வீட்டு வாசலில் ஏறாமல், தெருவிலேயே நின்று, ஜன்னல் வழியாகத்தான் ஊர் அவளோடு பேசியது.

"கை விடாமச் சுத்தணும், அவ்வளவுதானே தாயி?" என்றார் சொள்ளமுத்து. "தேர் இழுக்கிற ஊருக்கு இது பெரிய காரியமா?"

"ஒரு இடத்துலகூட அறுந்துரக் கூடாது மாமா" என்று உலகம்மாள் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஊரே திரண்டது. பட்டு வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக ஆண்கள், தலை நிறைய மணக்காத பிச்சிப்பூவோடு பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், டீக்கடை சாலமோன், ஒரு வாரம் ஒளிந்துகிடந்த ஆறுமுகம் அண்ணாச்சி, தொண்ணூற்றிரண்டு வயசுப் பலவேசம் தாத்தா எல்லாரும் கை கோத்து, பிள்ளையார் கோயில் முன்னால் சூடம் கொளுத்திவிட்டு, நான்கு வீதியையும் வலமாகச் சுற்றினார்கள். வலமாகத்தான். வேறு எப்படிச் சுற்றுவார்கள்?

சுற்றி முடிப்பதற்குள் மிச்சம் மீதி இருந்த மணமும் போயிற்று. வெயில் படாமல் மூலை முடுக்கில் பதுங்கியிருந்தது அத்தனையும் போயிற்று: கர்ப்பக்கிரகச் சுவரில் எத்தனையோ தலைமுறை எண்ணெய் ஊறி ஊறி நின்ற வாசனை, பூட்டின பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் கிடந்த ரசகற்பூர வாசனை, குதிருக்குள் நெல் வாசனை, மண்பானைக்குள் மண் வாசனை. கல்லாம்பாறையில் மூச்சு முட்டிக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அதுவரைக்கும் தாயின் கழுத்து மடிப்பில் ஒரு துளி மிச்சம் இருந்ததோ என்னவோ, தூக்கத்தில் மட்டும் இரண்டு வாய் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை, அன்றையிலிருந்து அதையும் நிறுத்திவிட்டான்.

உலகம்மாள் கணக்கைத் திரும்பப் பார்த்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, ஒரு கழித்தல் குறி. சமன்பாட்டில் அது சரியாக, கொட்டை எழுத்தில், எட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தது. ஓட்டம் இடப்பக்கமாகப் போக வேண்டும் என்று அவள் பெங்களூரிலே எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். ஆனால் ஜன்னலில் நின்று விரலால் வட்டம் போட்டபோது அந்த விரல் ஆராய்ச்சிக்காரியின் விரலாக இல்லை, தும்பைக்குளத்துக்காரியின் விரலாக இருந்தது, அது வலமாகத்தான் போட்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தன்மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மறுபடி ஜன்னலுக்குக் கீழே கூட்டம் கூடியது.

"இடமாச் சுத்தணுமா?" சொள்ளமுத்து இரண்டடி பின்னால் போனார். "என்ன பேச்சு பேசுத தாயி? இடமாச் சுத்துறது எழவுக்குல்லா? ஊரோட இடமாச் சுத்துனா ஊருக்கே எழவு வச்ச மாதிரில்லா ஆயிரும்?"

"கணக்கு அப்படித்தான் சொல்லுது மாமா."

"முந்தாநாளும் கணக்குத்தான சொல்லிச்சு?" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தர் கேட்டார்.

"முந்தாநாள் கணக்கு சொன்னதை நான் தப்பாக் காட்டிட்டேன்" என்றாள் உலகம்மாள், குரல் இறங்காமல். "தப்பு என்னுது. கணக்கு மேல தப்பு இல்ல. இடமாப் போனா நிக்கும். நிக்கலன்னா என் பேரை மாத்திக்கிடுதேன்."

கூட்டம் யோசித்தது. இடமாகச் சுற்ற யாருக்கும் மனசு வரவில்லை, ஆனால் ஒரு சாவு விழுந்தால் எல்லாரும் தானாகவே இடமாகச் சுற்றுவார்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை, ஊர் வழக்கம்தானே. இப்படி யோசித்துக்கொண்டு வந்த கூட்டத்தின் கண்ணெல்லாம் மெல்ல மெல்ல நகர்ந்து, ஓரமாகக் கம்பை ஊன்றி நின்ற பலவேசம் தாத்தா மேல் போய் நின்றது.

"ஏம்லே எல்லாவனும் என்னையே பாக்கிய?" என்று தாத்தா கம்பை ஓங்கினார். "சித்திரை விசுவுக்குப் பேத்தி வாரா. நான் இப்போதைக்கு இல்ல, சொல்லிப்புட்டேன்."

அப்போதுதான் தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். இட்லிக்கடை வைத்திருக்கிறவள், அதோடு சுற்றுவட்டாரத்தில் எந்த எழவு வீட்டிலும் அவள் வந்து ஒப்பாரியை எடுத்துக்கொடுத்தால்தான் மற்றவர்களுக்குக் கண்ணீர் வரும். "ஆளு செத்தாத்தான் எழவா? மழை பெய்யாத வருஷம் கொடும்பாவி கட்டி இழுக்கோம்லா? வைக்கோல் பொணத்துக்கு மாரடிச்சு, இடமா இழுத்துட்டுப் போய்ச் சுடுகாட்டுல கொளுத்துதோம்லா? மழைக்குச் செய்யலாம், மணத்துக்குச் செய்யக் கூடாதா?"

சொள்ளமுத்து முகம் தெளிந்தது. "அதுக்கு என்ன, செய்யலாமே" என்றார், ஏதோ தானே நினைத்துச் சொன்ன மாதிரி.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் கொடும்பாவி தயார். வைக்கோல் உடம்பு, பானைத் தலை, கரியால் மீசை, சுண்ணாம்பால் பல், ஆறுமுகம் அண்ணாச்சி கொடுத்த பழைய சட்டை. அவர் பாவம் கழியட்டும் என்று அவரே கொண்டுவந்து போட்டார். ஊர் செய்த பாவமெல்லாம் அந்தப் பொம்மை தலையில். மூன்று மணிக்குப் பறை அடித்தது, தங்கபுஷ்பம் தலையை விரித்துப்போட்டு, "மணக்க மணக்க இருந்தோமே மகராசா, மொட்டையா நிக்கோமே மகராசா" என்று எடுத்துக்கொடுத்தாள். முந்தின தடவை பட்டு வேட்டியில் வந்தவர்கள் இந்தத் தடவை அழுக்கு வேட்டியில் வந்தார்கள், பெண்கள் பூ வைக்கவில்லை, பிள்ளைகளுக்குக்கூட யாரும் சிரிக்காதே என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கை கோத்தார்கள். வடக்குத் தேர் வீதி, மேலத்தேர் வீதி, தெற்குத் தேர் வீதி என்று இடமாக வந்தது அந்த எழவு, வர வர நீண்டது, தலை கீழத்தேர் வீதிக்குள் நுழைந்தபோது வால் அதே வீதியின் மறுமுனையில் இருந்தது. இன்னும் ஐம்பது அடி வந்துவிட்டால் தலையும் வாலும் சேர்ந்து வட்டம் மூடிவிடும்.

நான்காவது வீட்டுக்கு முன்னால் ஊர்வலம் நின்றது.

பிள்ளை பெற்ற வீட்டு வாசல் வழியாக நாற்பத்தோரு நாளைக்குப் பிணம் போகாது. அது எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் தும்பைக்குளத்தில் அதை மீறினவன் கிடையாது, நடுவில் பிள்ளை பெற்ற வீடு வந்தால் பாடை சந்துக்குள் திரும்பிப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். வைக்கோல் பிணம் என்றாலும் பிணம் பிணம்தான். பேச்சியம்மாள் வாசலில் வேப்பங்குலையைச் சொருகிவிட்டு, இரண்டு கையையும் நிலையில் ஊன்றி நின்றாள். அவளுக்கு அது வெறும் வழக்கமும் இல்லை. உலகம்மாளுக்கு முன்னால் அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது, பன்னிரண்டாம் நாள் தெரியாத்தனமாக ஒரு வெளியூர்ப் பிணம் இந்த வாசல் வழியாகப் போனது, பதினாறாம் நாள் பிள்ளை போய்விட்டது. முப்பத்தாறு வருஷமாக அந்தப் பிணத்தின் முகம் தெரியாத முகத்தை அவள் சபித்துக்கொண்டிருக்கிறாள்.

"சந்துக்குள்ள திருப்புங்கலே" என்றார் சொள்ளமுத்து தாழ்ந்த குரலில்.

தெருவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற சங்கரபாண்டி, "கீழத்தேர் வீதி, பூஜ்யம்" என்றார். அவர் குரலில் முப்பத்திரண்டு வருஷக் கண்டக்டர் தொண்டை இல்லை.

நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, உலகம்மாள் உள்ளறையிலிருந்து வெளியே வந்தாள். அன்று காலை நர்ஸம்மா நிறுத்தபோது ரெண்டு நானூறு. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டிருந்தான்.

"எம்மா, வழி விடு."

"உள்ள போடி."

"சந்துக்குள்ள திரும்புனா வட்டம் மூடாதும்மா. நம்ம வீடுதான் அறுந்து நிக்கு."

"நிக்கட்டும். ஊரு மணக்காட்டா என்ன, நாசமாப் போட்டும். பொணத்தை இந்த வாசல்ல விடமாட்டேன். ஒண்ணைக் கொடுத்தது போதாதா?" பேச்சியம்மாள் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

உலகம்மாளுக்கு அம்மாவிடம் சூரியக் காற்றைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. வேப்பங்குலையைப் பார்த்தாள், அம்மாவின் நரைத்த தலையைப் பார்த்தாள். "எம்மா, அண்ணன் போறப்ப யாரு மடியில இருந்தான்?"

"என் மடியிலதான். வேற யாரு மடி?"

"நீதான்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாம? என் மாரை விட்டு மூஞ்சியை எடுக்கலியே கடைசி வரைக்கும்."

"இவனுக்கு நான் யாருன்னே தெரியலம்மா" என்றாள் உலகம்மாள். அத்தனை நாள் ஜன்னலில் நின்று ஊருக்கே சத்தமாகப் பேசினவளுக்கு அப்போதுதான் குரல் உடைந்தது. "என் பிள்ளை என் மடியிலேயே அநாதையாக் கிடக்கான். ஒண்ணும் தெரியாமலே போயிருவான்."

பேச்சியம்மாள் பிள்ளையைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள், பானைத் தலையும் சுண்ணாம்புப் பல்லுமாக இளித்துக்கொண்டு கிடந்த கொடும்பாவியைப் பார்த்தாள். நிலையிலிருந்து கையை எடுத்தாள். வேப்பங்குலையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, நடைப்படி இறங்கி நடுத்தெருவில் போய் நின்று, முப்பத்தாறு வருஷத்துக் கோபத்தையும் சேர்த்துக் கத்தினாள்.

"என்னலே முழிச்சிக்கிட்டு நிக்கிய? இழுங்கலே! என் வாசல் வழியாத்தான் இழுக்கணும், இழுங்க!"

பறை அதிர்ந்தது. கொடும்பாவி நான்காவது வீட்டைத் தாண்டிப் போயிற்று. பின்னாலேயே கை கோத்த கூட்டம் போயிற்று. கடைசியில் தலைக்கும் வாலுக்கும் நடுவில் இரண்டு ஆள் நிற்கிற இடம்தான் பாக்கி இருந்தது, அந்த இடத்தில் தீட்டு வீட்டுக்காரிகள் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். பேச்சியம்மாள் ஒரு கையால் வாலில் வந்த சாலமோன் கையைப் பிடித்து, மறு கையால் மகளின் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் பக்கம் தங்கபுஷ்பம் ஒப்பாரியை நிறுத்தாமலே உலகம்மாளின் மறு முழங்கையைப் பிடித்தாள்.

"நாப்பது!" என்று சங்கரபாண்டி கத்தினது எல்லைப் பாலம் வரைக்கும் கேட்டது.

போனது திரும்பி வந்தது. கனமானது முதலில் வந்தது, அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் சாக்கடைதான் வந்து சேர்ந்தது. தும்பைக்குளத்து ஜனங்கள் தங்கள் சாக்கடை நாற்றத்தை மூக்கு விடைக்க இழுத்து இழுத்து மோந்து கண்ணீர்விட்டார்கள். அப்புறம் மண்ணெண்ணெய், மாட்டுக்கொட்டில், கருவாடு, அப்புறம் வேர்வை, வைக்கோல், பறையின் தோல், அப்புறம் டீத்தூள், விபூதி, கருவேப்பிலை, கோயில் எண்ணெய் வாசனை வந்தபோது குருக்கள் கையை விடாமலே தேம்பினார், யாரோ ஒரு சின்னப் பிள்ளை, "பிச்சி! பிச்சி!" என்று குதித்தது. அந்த வட்டம் அன்றைக்கு அறவில்லை, இன்றைக்கும் தும்பைக்குளத்தில் சர்க்கரை வியாதிக்கு நடக்கிறவர்கள் முதற்கொண்டு எல்லாரும் கோயிலை இடமாகத்தான் சுற்றுகிறார்கள், வெளியூர்க்காரர்கள் பார்த்து முகத்தைச் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் பிச்சிப்பூ வந்த பிறகும் உலகம்மாளின் தோளில் கிடந்த பிள்ளை கண்ணை மூடி முனகிக்கொண்டேதான் இருந்தான். அவள் நடந்தாள், நின்றால் அறுந்துவிடும் என்று தெரிந்து நடந்தாள். வடக்குத் தேர் வீதி முக்கில் திரும்பும்போது, எல்லாவற்றையும்விட லேசான ஒன்று, அவளுக்கே தெரியாத ஒன்று, கல்லாம்பாறையிலிருந்து கடைசியாக வந்து சேர்ந்தது. பிள்ளை முனகலை நிறுத்தினான். மூக்கு ஒருதரம் விடைத்தது. தலையைத் தூக்க முடியாமல் தூக்கி, சாக்கடையும் பறையும் ஆயிரம் பேர் வேர்வையும் வீசின அந்தத் தெருவில், கண்ணைத் திறக்காமலே அவள் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து தேடினான்.

உலகம்மாள் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்துத் தங்கபுஷ்பத்துக்கு ஒப்பாரி நின்றுவிட்டது.

"குடிக்கானா?" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

உலகம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

முன்னால் போன சொள்ளமுத்து திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "மெதுவா நடங்கலே" என்றார். "பிள்ளை பால் குடிக்குல்லா."

பறைக்காரர்கள் அடியைத் தாழ்த்தினார்கள். பாவியின் பிணத்துக்குப் பின்னால் ஊரே மெதுவாக இடமாக நடந்தது, நடுவில் உலகம்மாள் மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே நடந்தாள்.